ஆலயத்தில் ஆர்மோனியம் வாசித்த அப்பாவைப் பற்றி என்ன எழுதுவது?

கேட்டவர் சொன்னதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்துத் தமிழ்ச் சபை ஒன்றில் அவருடைய தகப்பனார் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆர்மோனியமும் ஆர்கனும் வாசித்தவர். பிழைப்புக்குச் செந்தூல் ரயில்வே பணிமனையில் கிராணி, அதாவது எழுத்தர் வேலை. சனிக்கிழமைகளில் பஸ் ஏறித் தோட்டங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். அடையாள அட்டையோ பிறப்புப் பத்திரமோ இல்லாதவர்களுக்கு மனு எழுதிக்கொடுப்பார். எண்பது வயதைத் தாண்டி, சென்ற ஆண்டு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். முதலாம் ஆண்டு நினைவு ஆராதனையில் ஒரு மலர் வெளியிடச் சபை விரும்புகிறது. வீட்டில் மிஞ்சியிருப்பவை பாட்டு நோட்டுகள் சில, பெட்டி நிறையக் கேசட்டுகள், ஒரு பழைய ஆர்மோனியம். “மலரில் என்னென்ன போடலாம்?” என்று கேள்வி முடிகிறது. ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறது: நல்லவர், பக்தியுள்ளவர் என்பதற்கு மேல் எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை, எங்களில் ஒருவருக்கும் சங்கீதம் வராது. உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நானும் இதே ஊரில் ஒரு தமிழ்ச் சபையின் பாடகர் குழுவை நெடுங்காலமாக நடத்தி வருகிறவன். இப்படிப்பட்ட மலர்கள் சிலவற்றைத் தொகுத்துக் கொடுத்தும் இருக்கிறேன். பெரும்பாலான மலர்கள் ஒரே அச்சில் வார்த்தவை. பிறந்த ஊர், திருமணம், பிள்ளைகள், பிறகு பத்துப் பக்கத்துக்கு வாழ்த்துச் செய்திகள். பெயரை மாற்றிவிட்டால் வேறொருவருக்கும் பொருந்திவிடும். வாழ்த்துச் செய்திகளை இரண்டு பக்கத்துக்குள் அடக்குங்கள். பிரமுகர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். உங்கள் அப்பாவை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டக்கூடிய சாட்சி அந்தப் பாட்டு நோட்டுகளில்தான் இருக்கிறது. அதை வாசிக்கச் சங்கீதம் தெரிய வேண்டியதில்லை; பொறுமை இருந்தால் போதும்.

ஆலய வாத்தியக்காரரின் நோட்டில் பாட்டின் முதல் வரிக்குப் பக்கத்தில் சிறு குறிப்புகள் இருக்கும். ராகம், தாளம், அதன் கீழே 1½ என்றோ 2 என்றோ ஓர் எண். அந்த எண்தான் கட்டை, அதாவது பாட்டை எந்தச் சுருதியில் எடுப்பது என்பது. ஆர்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகள் ஒன்று முதல் ஏழு வரை. இடையில் வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரை என்று ஒன்று கிடையாது, மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கறுப்பு இல்லை. ஒரே பாட்டுக்கு வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு எண் எழுதி, பழையதை அடித்திருக்கிறாரா என்று பாருங்கள். இரண்டரையில் தொடங்கிய பாட்டு வருடங்கள் போகப் போக ஒன்றரைக்கும் ஒன்றுக்கும் இறங்கியிருந்தால், பெரும்பாலும் சபைக்கு வயதாகிவிட்டது என்று பொருள். முன்வரிசைப் பாட்டிமார்களுக்கு மேல் ஸ்தாயி எட்டவில்லை. அவர் யாரிடமும் சொல்லாமல் சுருதியைக் குறைத்திருக்கிறார். சரணங்களின் எண்ணை வட்டமிட்டிருந்தால் எவற்றைப் பாடினார்கள், எவற்றை விட்டார்கள் என்பது தெரியும். ‘கடைசிச் சரணம் மெதுவாக’, ‘பெண்கள் மட்டும்’, ‘காணிக்கை முடியும்வரை திரும்ப’ என்று பென்சிலில் கிறுக்கியிருந்தால் அந்தப் பக்கத்தை அப்படியே படமெடுத்து மலரில் போடுங்கள். ‘இசையில் வல்லவர்’ என்று எழுதுவதைவிட அந்த ஒரு பக்கம் அதிகம் சொல்லும்.

பாட்டு எண்களை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு சபையின் பாட்டுப் புத்தகத்தில் இருக்கும் எண் இன்னொரு சபையின் புத்தகத்தில் வேறு பாட்டாக இருக்கும். பதிப்புக்குப் பதிப்பும் மாறும். முதல் வரியைக் கட்டாயம் எழுதி வையுங்கள்.

அந்தக் குறிப்புகளின் அருமை தெரிய வேண்டுமானால் அவர் கையாண்டது இரண்டு மரபுகள் என்பதை அறிய வேண்டும். ஞானப்பாட்டு ஒன்று. ஜெர்மன், ஆங்கிலப் பாடல்களின் ராகங்களுக்குத் தமிழ் வார்த்தைகள் அமைத்தது. தரங்கம்பாடிக்கு 1706இல் லுத்தரன் மிஷனரிகள் வந்த காலத்திலிருந்து வளர்ந்தது. ஜெர்மன் மிஷனரி ஃபப்ரிசியுஸ் ஐயர் (1711–1791) மொழிபெயர்த்தவை இன்றும் பாடப்படுகின்றன. கீர்த்தனை மற்றொன்று. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நம் இலக்கணத்தில் பிறந்தது; அதன் பெரிய பெயர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்ட பிறகு அவை ஞாயிறு ஆராதனையில் உறுதியாக இடம்பிடித்தன. ஞானப்பாட்டை நாலு குரல் ஒத்திசைவோடு, இரண்டு கையாலும் வாசிக்க வேண்டும். கீர்த்தனைக்குத் தாளம் கெடாமல் ஒற்றை இழையாகக் குரலைத் தாங்கிப் போக வேண்டும். ஒரே ஞாயிறு, ஒரே மனிதர், ஒரு மணி நேரத்துக்குள் இரண்டுக்கும் இடையில் போய்ப்போய் வருகிறார். மேற்கத்தியப் பியானோ படித்த நல்ல வித்வான்கள்கூடக் கீர்த்தனையில் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன்.

ஆர்மோனியத்துக்குக் கமகம், அதாவது சுரத்தை அசைத்தும் இழைத்தும் பாடுவது, வராது. இந்திய வானொலி 1940இலிருந்து 1971 வரை ஆர்மோனியத்தை ஒலிபரப்பில் விலக்கியே வைத்திருந்ததற்குச் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. ஆலயத்தில் அந்தக் குறையைச் சமாளிக்கத் தெரிந்தவர்கள் அசையும் சுரத்தில் கையைத் தூக்கிவிடுவார்கள், சபையின் குரல் அதைக் கடந்து போன பிறகு மறுபடி சேர்ந்துகொள்வார்கள். உங்கள் அப்பா அப்படிச் செய்தாரா என்பது கேசட்டில் கேட்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். இன்றைய கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டினால் சுருதி மாறும். பழைய ஆர்மோனியத்திலும் கால்மிதி ஆர்கனிலும் அது கிடையாது. ஐந்து கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் விரல் வேறு வேறு. போதகர் திடீரென்று பாட்டை மாற்றினாலும் சபை எடுத்த சுருதியைப் பிடித்துக்கொண்டு வாசித்தார் என்று பழைய பாடகர்கள் சொன்னால், அது வெறும் புகழ்ச்சியாக இராது.

இனி, நிச்சயமாகச் சொல்லக்கூடியதும் சந்தேகத்துக்குரியதும். உங்கள் கேள்வியில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. சபைகளில் பாடும் ஒரு பாட்டை அவரே இயற்றினார் என்பது ஒன்று. மெர்டேக்கா சதுக்கத்துக்கு எதிரே உள்ள செயின்ட் மேரிஸ் பேராலயத்தில் ஆர்கன் வாசித்த முதல் தமிழர் என்பது மற்றொன்று. இரண்டாவதை அச்சிடாதீர்கள். அந்தப் பேராலயத்தின் குழாய் ஆர்கன் 1895இல் லண்டன் ஹென்றி வில்லிஸ் செய்தது. அத்தனை ஆண்டுகளில் அதன்முன் உட்கார்ந்த அத்தனை பேரின் பட்டியலையும் பார்க்காமல் ‘முதல்’ என்று எழுத முடியாது. அவர் அங்கே வாசித்ததற்கு ஆராதனை முறைத்தாளோ புகைப்படமோ இருந்தால், இன்ன நாளில் வாசித்தார் என்று எழுதுங்கள். அதுவே பெருமைதான். பொதுவாகவே நினைவு மலர்களில் வரும் ‘முதல் தமிழர்’களைக் கூட்டிப் பார்த்தால் இந்த ஊரில் இரண்டாமவரே கிடையாது.

பாட்டு விஷயம் சிக்கலானது. ‘இயற்றினார்’ என்று குடும்பத்தில் சொல்வதற்குள் நாலு விதமான வேலைகள் ஒளிந்திருக்கும். வார்த்தை எழுதியிருக்கலாம், இருந்த வார்த்தைக்கு மெட்டு அமைத்திருக்கலாம், ஊரிலிருந்து வந்த மெட்டைத் திருத்தியிருக்கலாம், ஒரு சரணத்தைச் சேர்த்திருக்கலாம். நோட்டில் அந்தப் பாட்டு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அடித்தல் திருத்தலோடு, ஒரு சொல்லுக்கு இரண்டு மாற்றுச் சொல் எழுதிப் பார்த்ததாக இருந்தால் அவர் ஆக்கியதற்கு நல்ல அடையாளம். சுத்தமாக, ஒரே மூச்சில் எழுதியதாக இருந்தால் எங்கிருந்தோ பிரதி எடுத்ததாகவும் இருக்கலாம். அவர் பிறப்பதற்கு முன் அச்சான பாட்டுப் புத்தகங்களில் முதல் வரியைத் தேடுங்கள். எதுவும் முடிவாகவில்லை என்றால் ‘மெட்டமைத்தவர் அவரே என்று உடன் பாடியவர்கள் நினைவுகூர்கிறார்கள்’ என்று எழுதலாம். அதில் பொய்யும் இல்லை, குறைவும் இல்லை.

அவர் இயற்றியதுதான் என்று உறுதியானால் ஒரு நடைமுறைச் செய்தி. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி உரிமை ஆசிரியரின் ஆயுளுக்கும் அதன்பின் 50 ஆண்டுகளுக்கும் உண்டு. இப்போது அது வாரிசுகளுடையது. சபைகள் தாராளமாகப் பாடலாம் என்று மலரிலேயே இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள். பின்னால் பேரப்பிள்ளைகளைத் தேடி அலைய வேண்டியிராது.

கேசட்டுகளைப் பொறுத்தவரை அவசரம் உண்டு, பதற்றம் கூடாது. முதலில் ஒவ்வொரு கேசட்டின் மேல்விளிம்பிலும் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் மடல்களை உடைத்துவிடுங்கள். தவறியும் அதன்மேல் வேறு எதுவும் பதிவாகாது. நாடாச் சுருளில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள். அது டேப் ரெக்கார்டரின் தலைப்பகுதியில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அவற்றைத் தனி உறையில் போட்டு, தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். 120 நிமிடக் கேசட்டின் நாடா மிக மெல்லியது, இழுபட்டுவிடும். அதை வேகமாக முன்னும் பின்னும் ஓட்டுவதைத் தவிருங்கள். கணினிக்கு மாற்றும்போது சுருக்கப்படாத வேவ் கோப்பாக, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் எடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2 ஜிகாபைட் ஆகும். இன்றைக்கு அது பெரிய இடம் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பச் சிறிய பிரதி தனியாக எடுத்துக்கொள்ளலாம். இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலப் பதிவில் கை வைக்க யாரையும் விடாதீர்கள். உறையில் அவர் எழுதியிருப்பதையும் படமெடுத்து வையுங்கள். தேதிக்கு அதுதான் ஆதாரம்.

கேசட்டுகளை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலையில் ராகம், தாளம் அச்சிட்டிருப்பார்கள். ஆனால் சபை பாடுவது பல நேரம் அந்த ராகமே அல்ல. திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த மெட்டு ஒன்று, தஞ்சாவூர்க்காரர் மெட்டு ஒன்று, யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் வேலைக்கு வந்தவர்களின் மெட்டு ஒன்று. இவையெல்லாம் ஒரே சபையில் வந்து சேர்ந்தபோது எதை நிலைநிறுத்துவது என்று வாராவாரம் முடிவு செய்தவர் ஆர்மோனியத்தின்முன் உட்கார்ந்திருந்தவர். அந்த முடிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. கேசட்டிலும், அவரோடு பாடிய முதியவர்களின் தொண்டையிலும் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே அவர்களைப் பேட்டி காணப் போகும்போது “அப்பா எப்படிப்பட்டவர்?” என்று கேட்காதீர்கள்; நல்லவர் என்றுதான் சொல்வார்கள். ஒரு பாட்டின் பெயரைச் சொல்லி, “இதை அப்பா காலத்தில் எப்படிப் பாடினீர்கள், பாடிக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். இரண்டாவது சரணத்தில் நிறுத்தி, “இங்கேதான் அவர் எங்களைத் திட்டுவார்” என்று ஒரு அக்காள் தொடங்குவார். உங்களுக்கு வேண்டிய கட்டுரை அதற்குப் பிறகு வருவதுதான்.

எழுத்துச் சான்றுகளுக்குச் சபையின் ஆண்டறிக்கைகளையும் செயற்குழுக் குறிப்புகளையும் கேட்டுப் பாருங்கள். பழைய திருமண ஆராதனை முறைத்தாள்களில் ஆர்கன் வாசித்தவர் பெயர் இருக்க வாய்ப்புண்டு. அவற்றைப் பெட்டியில் பத்திரப்படுத்தாத குடும்பம் நம்மிடையே குறைவு. கச்சேரி, கீத பவனி போன்ற செய்திகள் தமிழ் நேசனில் வந்திருக்கலாம். அந்த நாளிதழ் 1924இல் தொடங்கி 2019இல் நின்றது. பழைய இதழ்களுக்கு ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்தில் விசாரியுங்கள். உங்கள் மலரையும் அங்கே சேர்த்துவிடுங்கள். 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் இங்கே வெளியிடும் அச்சு நூல்களைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது.

அவருடைய சமூகத் தொண்டைப் பற்றி எழுதும்போது கை கொஞ்சம் நிதானமாக ஓட வேண்டும். 1969 வாக்கில் தோட்டத்து மக்களுக்கு இரவு பகலாக விண்ணப்பப் பாரங்களை நிரப்பிக் கொடுத்தார் என்று சொல்லியிருக்கிறீர்கள். அதற்குப் பின்னணி உண்டு. 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதியைக் கட்டாயமாக்கியது. தலைமுறையாக ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் கையில் குடிமக்களுக்குரிய நீல அடையாள அட்டை இல்லாத ஒரே காரணத்தால் அன்னியர் ஆனார்கள். ஏராளமானோர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு கிராணி அந்த நேரத்தில் வாரக் கடைசியைக் கொடுத்தது சின்ன உதவி அல்ல. இதை இரண்டு பத்தி விளக்கி எழுதுங்கள்; இளையவர்களுக்கு இந்த வரலாறே தெரியாது. ஆனால் அவருடைய கோப்புகளில் பிறருடைய பிறப்புப் பத்திர நகல்களும் மனுக்களும் இருந்தால் ஒன்றையும் மலரில் போடாதீர்கள், கண்காட்சியிலும் வைக்காதீர்கள். தகப்பன் பெயர் இல்லாத பத்திரம், தத்தெடுத்த விவரம், பாதியில் நின்ற விண்ணப்பம் என்று அதில் என்னென்னவோ இருக்கும். உரியவர்களைக் கண்டுபிடிக்க முடிந்தால் நேரில் திருப்பிக் கொடுங்கள். சில குடும்பங்களுக்கு அந்த நகல் இன்றைக்கும் விண்ணப்பத்துக்கு உதவும். உதவி பெற்றவர்கள் தாமாக முன்வந்து பெயரோடு எழுதினால் போடலாம். நீங்களாகப் பெயர் சொல்லக் கூடாது. எத்தனை பேருக்கு உதவினார் என்ற எண்ணிக்கையும் வேண்டாம். ‘ஆயிரக்கணக்கானோர்’ என்று எழுதினால் யாரும் நம்பப் போவதில்லை, சரியான கணக்கு அவரிடமே இருந்திருக்காது.

நீங்கள் எந்தச் சபைப் பிரிவு என்று சொல்லவில்லை. லுத்தரன், மெதடிஸ்ட் சபைகளில் நினைவு ஆராதனையில் குடும்பத்தார் பேச இடம் கொடுப்பார்கள், போதகரிடம் நேரத்தை மட்டும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கர் என்றால், அடக்கத் திருப்பலியின் மறையுரை புகழுரையாக இருக்கக் கூடாது என்பது திருச்சபை விதி. நினைவுத் திருப்பலியிலும் குடும்பத்தாரின் உரையைத் திருப்பலி முடிந்தபின் ஆலய மண்டபத்தில் வைத்துக்கொள்வதே நல்லது. எப்படியானாலும் ஆராதனையின் பாட்டுகளை நோட்டிலிருந்தே எடுங்கள், அவர் குறித்த கட்டையில், அவர் வட்டமிட்ட சரணங்களோடு. கடைசியில் மங்களம் பாடும்போது வாத்தியத்தை நிறுத்திவிடச் சொல்லுங்கள். சபை தானாகப் பாடட்டும். இது என் சொந்த அபிப்பிராயம், போதகர் மறுத்தால் விட்டுவிடுங்கள்.

அறக்கட்டளை தொடங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சட்டம் என் துறை அல்ல, பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். சங்கமாகப் பதிவு செய்ய 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஆண்டுதோறும் கூட்டம், கணக்கறிக்கை எல்லாம் உண்டு. நன்கொடையாளருக்கு வரிக்கழிவு கிடைக்க வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் தனி அங்கீகாரம் வாங்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளில் ஓய்ந்துபோன அறக்கட்டளைகள்தான் என் கண்ணில் அதிகம் பட்டிருக்கின்றன. சபையின் கணக்கிலேயே அவர் பெயரில் ஒரு நிதி வைத்து, ஆண்டுக்கு ஒரு பிள்ளையின் இசை வகுப்புக் கட்டணத்தைக் கட்டினால் போதும்.

அந்த ஆர்மோனியத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. நம் ஊர் ஈரத்தில் வாசிக்காத ஆர்மோனியத்தின் துருத்தித் துணியும் தோலும் இற்றுப்போகும், பித்தளை நாக்குகளில் பச்சை பிடிக்கும். பழுது பார்த்து, ஞாயிறு பள்ளியில் வாசிக்கப் பழகும் யாரிடமாவது எழுத்துமூலம் ஒப்படையுங்கள். விற்கக் கூடாது, வாசிப்பதை விட்டால் குடும்பத்துக்குத் திருப்ப வேண்டும் என்று இரண்டு நிபந்தனை போதும். நோட்டின் குறிப்புகள் புரியவில்லை என்றால் இரண்டு மூன்று பக்கங்களைப் படமெடுத்து இதே கேள்வியின் கீழ் போடுங்கள். பிறர் பெயர், தொலைபேசி எண் இருந்தால் மறைத்துவிட்டுப் போடுங்கள். கட்டையையும் தாளத்தையும் நான் வாசித்துச் சொல்கிறேன். மெட்டு எந்த ஊருடையது என்று சொல்லக் கேசட்டும் வேண்டும்.